வல்லை வெளியில் ஒரு வீடியோ கால்

யாழ்ப்பாணத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'ரீலோட்'. நாம் ரீசார்ஜ் என்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். குருநகரில் என் தோழி ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை. சோப்பு, தூண்டில் நரம்பு, சிம் கார்டு, பாண் எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பாண் என்றால் பிரெட். அது இரண்டாவது சொல்.

"வீடியோ கால் பேசணுங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு சிம் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என் பாதங்களைப் பார்த்தார். "காலுக்கு என்ன அக்கா?"

"அந்தக் கால் இல்லைங்க. போன் கால்."

"ஓ, கோலோ!" என்று சிரித்தார். "வீடியோ கோல் எண்டு சொல்லுங்கோவன். சாதாரண கோல் எடுக்க மாட்டியளோ?"

"எங்க வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. முகத்தையும் கையையும் பார்த்தாத்தான் பேச முடியும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே பெரிய டேட்டா பேக்காகத் தேடிப் போட்டுக் கொடுத்தார். "இது காணும் அக்கா. ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கும் தாராளமாக் காணும்."

காணும் என்றால் போதும் என்று அர்த்தம். மூன்றாவது சொல். ஆனால் அது காணாமல் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெசிந்தாவும் நானும் திருச்சியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். போர்க்காலத்தில் அவள் குடும்பம் கடல் கடந்து வந்து எங்கள் பக்கத்து முகாமில் இருந்தது. போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் டிலானி பாரிசில் இருக்கிறாள். போன மாதம் ஜெசிந்தா மீன் சந்தைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். "மல்லி, நான் விழுந்திட்டனடி" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிய குரல் செய்தியில் கடைசி வார்த்தை மட்டும் உடைந்திருந்தது. எனக்குக் காலாண்டு விடுமுறை வந்தது. கிளம்பிவிட்டேன்.

என் கணவர் பாஸ்கர் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். பேச்சு வருவதற்கு முன்பே வந்த ஒரு காய்ச்சல் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடமும் அவர் நண்பர்களிடமும் சைகை மொழி கற்றுக்கொண்டேன். "நீங்க தனியா சமாளிச்சுக்குவீங்களா?" என்று நான் கேட்டபோது, "நான் என்ன குழந்தையா? போய் அவள் காலைப் பார்" என்று இரண்டு கையையும் வீசிச் சொன்னார். ஆனால் நான் பெட்டி கட்டிய அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவின் சமையலறையில் என்னை ஆச்சரியப்படுத்தியது நண்டு அல்ல, போன். இங்கே காலை பத்து மணி, அங்கே விடியும் நேரத்தில் பாரிசுக்கு அழைத்து, போனை அரிசிக் குக்கர் மேல் சாய்த்து வைத்துவிடுகிறாள். அதன்பிறகு அதை அணைப்பதே இல்லை. டிலானி அங்கே பல் துலக்குகிறாள், வேலைக்குக் கிளம்புகிறாள், ரயிலில் ஏறுகிறாள். இங்கே இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கணவாய் மீன் கழுவுகிறாள். பேச்சு இருந்தால் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் இல்லை.

"மல்லி அன்ரி, உப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. அம்மாவுக்குப் பிரஷர்" என்று குக்கர் மேலிருந்து ஒரு குரல் வந்தபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நம்மூரில் போன் செய்தால் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். இங்கே போன் செய்வது பக்கத்து அறைக் கதவைத் திறந்து வைப்பது போல. அடுத்த வீட்டில் ஒருவர் கனடாவில் இருக்கும் தம்பியோடு பேசிக்கொண்டே வலை உலர்த்துகிறார். ஞாயிறு பூசையில் ஒருத்தி பாடல் முடியும்வரை போனை உயர்த்திப் பிடித்து நின்றாள். திரையில் ஒரு வயதான பெண்மணி கம்பளிச் சட்டையோடு சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களுக்கு இது முடியாது. எங்களுக்குப் பேச்சு என்பதே கைதான். பாஸ்கரோடு பேச வேண்டுமென்றால் கணவாயைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் போய் நின்று, போனை எதன்மீதாவது சாய்த்துவைக்க வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினால் அது அரைவாய்ப் பேச்சு. எழுதி அனுப்பலாமே என்று பலரும் கேட்பார்கள். எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாவது மொழி. சைகையின் வரிசையில்தான் எழுதுவார். "இட்லி மூணு. சட்னி இல்லை. நீ இல்லை" என்று முதல் நாள் ஒரு செய்தி வந்தது. இலக்கணம் பார்க்கிறவர்களுக்கு அது பிழை. எனக்கு அதைவிடச் சரியான தமிழ் வேண்டாம்.

நாலாவது நாள் காலை என் போனில் டேட்டா முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. கடைக்கு ஓடினேன்.

"முடியேல்லை அக்கா, பாதி அப்பிடியே கிடக்கு. ஆனா அது இரவு டேட்டா. நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும்."

"நடுச்சாமத்துல யாருங்க பேசுவாங்க?"

"எல்லாரும்தான்" என்றார் அவர், என்னை விநோதமாகப் பார்த்து. "கனடாவில அப்பதானே பகல்."

அவர் சொல்வது நியாயம்தான். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் இரண்டு. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம் என்பதால் அந்தப் பேக்கில் எங்களுக்கு இடமில்லை. கடைக்காரர் அப்போதைக்குச் சின்னதாக ஒரு ரீலோட் போட்டுவிட்டார். "வீடியோவைக் கொஞ்சமாப் பாவியுங்கோ" என்று, குறைவாகப் பயன்படுத்தும்படி எச்சரித்தும் அனுப்பினார்.

அன்றைக்கு எனக்கு நெல்லியடியில் ஒரு வேலை. ஜெசிந்தா கட்டுப்போட்ட காலை ஊன்றக் கூடாது என்று ஆசுப்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நெல்லியடியிலிருக்கும் அவள் மச்சாளிடம் ஊன்றுகோல் ஒரு சோடி சும்மா கிடக்கிறதாம். அதை எடுத்துவரப் போனேன். மச்சாள் பால் விடாத பிளேன்ரீயும், கடித்தால் பல் பேசும் பருத்தித்துறை வடையும் தந்தார். நம்மூர் தட்டையின் அண்ணன் என்று சொல்லலாம். பின்னேரம் ஊன்றுகோல்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் பஸ்சில் ஏறினேன்.

ஏறியதும் பஸ்சே எழுந்து நின்றது.

"அம்மா, இதிலை இருங்கோ."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. இது என் சிநேகிதிக்கு."

"பரவாயில்லை, இருங்கோ, இருங்கோ. கால் நோகப் போகுது."

யாரும் நம்புவதாக இல்லை. உட்கார்ந்தேன். கண்டக்டர் என் காலைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தைத் தாண்டுவது போலத் தாண்டினார்.

நெல்லியடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வல்லை வெளி. வீடு கிடையாது, கடை கிடையாது. தரை முழுக்க உப்புப் பூத்த கட்டாந்தரை, தூரத்தில் கடல் நீரேரி, காற்று. காற்று என்றால் காதுக்குள் துணி அடிப்பது போன்ற காற்று. அந்த வெளியின் நடுவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"டயர் காத்துப் போட்டுது. எல்லாரும் இறங்குங்கோ" என்றார் கண்டக்டர். என்னைப் பார்த்து, "நீங்கள் இருங்கோ அம்மா" என்றார்.

நான் ஊன்றுகோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்ததைப் பார்த்து அவர் முகம் போன போக்கை விவரிக்க நேரமில்லை. அப்போதுதான் போன் அதிர்ந்தது. பாஸ்கர்.

திரையில் எங்கள் குளியலறையின் நீல ஓடு. அவர் முகம் மிக அருகில், தலை ஈரமாக இருந்தது. ஒரு கையால் பேசினார். "கதவு. திறக்கவில்லை." பிறகு கையிலிருந்ததைக் காட்டினார். தாழ்ப்பாளின் கைப்பிடி, கதவோடு இல்லாமல், அவர் உள்ளங்கையில் கிடந்தது.

போனை ஏன் குளிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார் என்று கேட்டேன். நேற்று நான் அழைத்தபோது குளித்துக்கொண்டிருந்தாராம், தவறவிட்டாராம். இன்றைக்கும் விட்டுவிடக் கூடாது என்று எடுத்துப் போனாராம்.

எங்கள் குளியலறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துளை. அது பரவாயில்லை, மனிதர் மூச்சுத் திணறிவிட மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. அவர் கத்தினால் அது யாருக்காவது கேட்டதா என்று அவருக்குத் தெரியாது. யாராவது வந்து கதவைத் தட்டிக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது. அந்த நாலு சுவருக்கு வெளியே இருக்கும் உலகத்தில் அவருக்கு எட்டுவது அந்தப் போன் ஒன்றுதான். போனின் மறுமுனையில் நான் இன்னொரு நாட்டில், ஒரு வெட்டவெளியில், பஞ்சரான பஸ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

இரண்டு கையும் வேண்டும். ஊன்றுகோல் ஒன்றைப் பஸ்சின்மேல் சாய்த்து, அதன் கைப்பிடி இடுக்கில் போனைச் செருகினேன். சரியாக என் நெஞ்சு உயரத்தில் நின்றது.

"பயப்படாதீங்க. நான் கோமதி அக்காவைக் கூப்பிடுறேன்" என்றேன். கோமதி அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"எவ்வளவு நேரம்?" என்றார். அவர் மூச்சு வேகமாக இருந்தது. "எவ்வளவு நேரம்?" என்று மறுபடியும் கேட்டார். பள்ளி விடுதியில் ஒருமுறை அவரை அறைக்குள் வைத்துத் தெரியாமல் பூட்டிவிட்டார்கள். ஒரு முழு நாள். எங்கள் கல்யாணமான புதிதில் அதை எனக்குச் சொன்னார். அதன்பிறகு ஒருபோதும் சொன்னதில்லை. நான் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். அவர் முகம் அப்படியே உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்து, கண் என்னைப் பார்த்தபடி. ரீலோட் தீர்ந்துவிட்டது.

போனைப் பிடுங்கி வானத்தை நோக்கித் தூக்கினேன். டேட்டா இல்லாத போனை எவ்வளவு உயரம் தூக்கினால் என்ன?

யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஒல்லியான ஒரு மனிதர், கட்டம் போட்ட சட்டை, என் வயதுதான் இருக்கும். வாய் திறக்கவில்லை. என் போனைச் சுட்டினார். தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். திரையில் இருப்பவருக்குக் காது கேட்காதா என்ற கேள்வி எனக்குப் புரிந்தது. நான் தலையாட்டினேன். அவர் பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள்.

"குறை நினையாதையுங்கோ அக்கா. இவர் என்ரை மனுசன், அல்பேட். காது கேளாது. நீங்கள் கையால கதைக்கிறதைக் கண்டிட்டு ஓடி வந்திட்டார். என்ன நடந்தது?"

சொன்னேன். என் தமிழ் எனக்கே குழறியது. அவள் அதை வாங்கி அல்பேட்டுக்குச் சைகையில் சொன்னாள். அந்தச் சைகை எங்களுடையது அல்ல; பாதிதான் எனக்குப் பிடிபட்டது. சொல்லி முடிப்பதற்குள் அல்பேட் தன் போனை எடுத்து, ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, என் போனை வாங்கிக் கடவுச்சொல்லை அவரே அடித்துவிட்டார்.

பாஸ்கர் திரும்ப வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரா வேறா என்று கேட்கவில்லை.

"அந்தரப்படாதையுங்கோ அக்கா" என்றாள் அந்தப் பெண், பதறாதே என்பது போல என் முதுகைத் தட்டி. அவள் பெயர் மெற்றில்டா. "வீடியோவை நிப்பாட்டாதையுங்கோ. இந்தாங்கோ, என்ரை போனிலை ஆரையும் கூப்பிடுங்கோ."

என் போனைப் பழையபடி ஊன்றுகோலில் செருகிவிட்டு அவள் போனில் கோமதி அக்காவை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். துண்டிக்கப்பட்டது. மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. அக்கா இந்த எண்ணையே தடை செய்துவிட்டார் என்று புரிந்தது.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அப்போதுதான் அவர் மகன் பிரபு நினைவுக்கு வந்தான். துபாயில் இருக்கிறான். அவன் எண்ணைத் தேடி அழைத்தேன்.

"ஹலோ, யாருங்க?"

"டேய் பிரபு, மல்லிகா அக்காடா. பக்கத்து வீடு."

"அக்கா! இது எந்த ஊரு நம்பர்?"

"அதெல்லாம் அப்புறம். உங்கம்மா போனை எடுக்க மாட்டேங்குறாங்க."

"தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதீங்க, ஏமாத்துறாங்கன்னு நான்தான் அக்கா சொல்லி வச்சிருக்கேன்."

"நல்லா சொன்னே. இப்ப நீ கூப்பிட்டு, பின்பக்கம் போய் எங்க குளியலறைக் கதவை உடைக்கச் சொல்லு. அவர் உள்ள மாட்டிக்கிட்டார்."

"உடைக்கவா?"

"உடைக்கத்தான்!"

வல்லை வெளியிலிருந்து துபாய்க்குப் போய், துபாயிலிருந்து திருச்சிக்கு வந்து, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டிய செய்தி. இடையில் நான் செய்ய ஒன்றுமில்லை. பாஸ்கரிடம் சொல்லத் திரும்பினேன். அங்கே எனக்கு இடமில்லை.

அல்பேட் ஊன்றுகோலுக்கு முன்னால் குந்தியிருந்தார். போனில் பாஸ்கர். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே சைகை மொழி இல்லை. பாஸ்கர், 'பெண்' என்று சொல்ல, மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டார். அல்பேட் புரியாமல் பார்த்தார். பிறகு தன் காது மடலைத் தொட்டு, இதுவா என்று கேட்டார். பாஸ்கர் ஆமாம் என்றார். அவ்வளவுதான், அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். ஒரு சொல் முட்டினால் நடித்துக் காட்டினார்கள், நடிப்பும் முட்டினால் காற்றில் எழுதிக் காட்டினார்கள். நானும் மெற்றில்டாவும் ஒரே தமிழைப் பேசியும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தோம். அவர்கள் தடுக்கியதும் எழுந்து ஓடினார்கள்.

அல்பேட் மீன் ஏற்றும் இடத்தில் வேலை செய்கிறார். ஒருநாள் ஐஸ் அறைக்குள் இருந்தபோது வெளியே இருந்தவர் கதவைச் சாத்திவிட்டாராம். அந்தக் கதையை முழுக்க உடம்பால் சொன்னார். தோளைக் குறுக்கினார், பல்லைக் கிட்டினார், கதவை உதைத்தார், பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் போர்வை போலப் போர்த்திக்கொண்டார். பாஸ்கர் சிரித்தார். அவர் மூச்சு எப்போது சீரானது என்று நான் கவனிக்கவே இல்லை.

பஸ்சில் வந்தவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். "என்னவாம்?" என்று ஒருவர் கேட்க, "இந்தியாவிலை ஒருத்தர் குளிக்கிற அறைக்குள்ளை பூட்டுப்பட்டுப் போனாராம்" என்று இன்னொருவர் சொன்னார். ஒரு பாட்டி நெற்றியில் சிலுவை போட்டார். பக்கத்தில் நின்றவர் "முருகா" என்றார்.

திடீரென்று அல்பேட் கதையை நிறுத்திவிட்டுத் திரையைச் சுட்டினார். உனக்குப் பின்னால், உனக்குப் பின்னால் என்று கையை ஆட்டினார். பாஸ்கரின் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே யாரோ உடைக்கிறார்கள். ஒலி எங்களுக்குத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் காற்றின் இரைச்சலிலும் கூட்டத்தின் பேச்சிலும் நான் கவனிக்கவில்லை. கதவு ஆடுவதை முதலில் பார்த்துச் சொன்னவர், கடலுக்கு இந்தப் பக்கத்தில் குந்தியிருந்த, காது கேளாத ஒரு மனிதர். பாஸ்கர் திரும்பிப் பார்த்து விலகி நின்றார். கதவு பிளந்தது. அரிவாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கோமதி அக்கா நின்றார். அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

பாஸ்கர் அவரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். ஒரு நிமிடம் பொறுங்கள்.

பிறகு போனுக்குத் திரும்பி, "ஐஸ் அறைக் கதவை யார் திறந்தார்கள்?" என்று அல்பேட்டைக் கேட்டார்.

"திறந்திட்டுதோ?" என்று பஸ்காரர்கள் கேட்டார்கள். "திறந்திட்டுது!" என்று மெற்றில்டா கத்தினாள். யாரோ கை தட்டினார்கள். டயர் எப்போதோ மாற்றியாகிவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார்.

"கதை முடிஞ்சால் வெளிக்கிடலாமோ?" என்றார் கண்டக்டர்.

பஸ்சில் நானும் மெற்றில்டாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் உதே வேலைதான் அக்கா. வங்கி, ஆசுப்பத்திரி, பிள்ளையின்ரை பள்ளிக்கூடம், எல்லா இடத்திலையும் நான்தான் இவருக்காகக் கதைக்கிறது. நான் இல்லாட்டி என்ன செய்வார் எண்டு யோசிச்சு, என்ரை தங்கச்சி வீட்டிலை ஒரு நாள் தங்கினதில்லை."

அவள் சொன்னதில் என் பெயரை மாற்றிப் போட்டால் போதும்.

குருநகர் போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். கதையைத் தொடங்கினேன்.

"தெரியும் தெரியும்" என்றாள். "பஸ்சிலை வந்த ஒரு பெடியன் டிலானியோடை படிச்சவன். கதை பாரிசுக்குப் போய், அங்கையிருந்து எனக்கு வந்திட்டுது. பாஸ்கர் அண்ணை சாப்பிட்டாரோ எண்டு டிலானி கேக்கச் சொன்னவள்."

ஊன்றுகோலை வாங்கிக் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. போன் செருகிய இடத்தை அவளுக்குக் காட்டினேன்.

அன்றிரவு பாஸ்கர் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். "அந்த ஆளின் எண் வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மெற்றில்டா கூப்பிட்டிருந்தபடி, நெல்லியடியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெற்றில்டா தையல் வேலை செய்கிறாள். முன்னறையில் மெஷினும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகளும் இருந்தன. குழல் புட்டும் கணவாய்க் கறியும் செய்திருந்தாள். அவர்கள் கறித்தூள் நம்முடையதைவிடக் கறுப்பு, வறுத்து அரைப்பார்களாம். முதல் வாய்க்கு இருமினேன். மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

அல்பேட் போனைத் தையல் மெஷின்மேல் நிறுத்திப் பாஸ்கரை அழைத்தார். அதன்பிறகு எங்களை இருவரும் மறந்துவிட்டார்கள். சைகை முட்டினால் இப்போது தட்டெழுத்தும் செய்தார்கள். அல்பேட் எழுதுவதைப் பாஸ்கர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படிப்பதும், பிறகு தலையை ஆட்டுவதும் தெரிந்தது. பட்டறையைப் பற்றி, வலையைப் பற்றி, ரயில் பெட்டியின் நிறத்தைப் பற்றி ஏதேதோ ஓடியது. ஒரு இடத்தில் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன?" என்றேன்.

அல்பேட் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாராம். சைகைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். பாஸ்கர் எனக்கு வைத்த பெயர் பின்னல் நுனியை இழுப்பது. அல்பேட் வைத்த பெயர், ஒரு கையை வானத்தை நோக்கி நீட்டி, சிக்னல் தேடி முகத்தைக் கோணுவது.

"அப்புறம் என்ன பேசினீங்க?" என்று பாஸ்கரைக் கேட்டேன்.

"பிறகு சொல்கிறேன்" என்றார். "இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்றது. அவர் எதையும் எனக்குச் சொல்லாமல் இன்னொருவருக்குச் சொன்னதில்லை. கடை, மருத்துவர், உறவினர் எல்லாரும் என் வழியாகத்தான் அவரிடம் போவார்கள். இப்போது அந்த வழி இல்லாமலே ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். வெளியூர்க்காரி போல நான் ஓரத்தில் நின்றேன்.

மெற்றில்டா இரண்டு கோப்பைப் பிளேன்ரீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் பாதி புரியவில்லையாம். கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

"நாங்கள் ரெண்டு பேரும் இண்டைக்கு லீவு அக்கா" என்றாள்.

நானும் காலை நீட்டினேன். தேநீர் சூடாக இருந்தது. வெகுநேரம் நாங்கள் இருவரும் எங்களைப் பற்றிப் பேசினோம். அவளுக்குத் தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் இருக்க ஆசை. எனக்கு என்ன ஆசை என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும் நாள் ஜெசிந்தா ஊன்றுகோலில் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கழுத்தில் கயிறு கட்டிப் போனைத் தொங்கவிட்டிருந்தாள். அதற்குள்ளிருந்து டிலானி கையசைத்தாள்.

விமான நிலையத்தில் உட்கார்ந்ததும் பாஸ்கரை அழைத்தேன். வேறொரு அழைப்பில் உள்ளார் என்று திரையில் வந்தது. எண்ணைத் தவறாக அழுத்திவிட்டேனோ என்று பார்த்தேன். சரியான எண்தான். மறுபடி அழைத்தேன். வேறொரு அழைப்பில் உள்ளார். கல்யாணமான நாளிலிருந்து அவர் போன் ஒருமுறைகூட இப்படிச் சொன்னதில்லை. நண்பர்களை அவர் நேரில்தான் பார்ப்பார்; போனில் அவருக்கு அழைப்பவள் நான் ஒருத்திதானே.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது.

"ஓம். அல்பேட்டோடை கதைக்கிறன். நீ பிளேன் ஏறு. பிறகு கதைப்பம்."

ஆமாம் என்பதற்கு ஓம் என்று எழுதுவது யாழ்ப்பாணம்; முதலில் அல்பேட்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். பாஸ்கரின் பெயர், பாஸ்கரின் படம். திருச்சித் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒரு நாளும் காதால் கேட்டிராத மனிதர். ஒரு வாரத்துக்குள் அவர் எழுத்தில் நெல்லியடி ஏறியிருந்தது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து இருக்கையில் பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் போகும் அம்மா ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல செய்தியோ பிள்ளை?"

"ஓம்" என்றேன்.